ரூட் கெனாலில் சொதப்புவது எப்படி?

பல் மருத்துவ மாநாட்டில் மதியச் சாப்பாட்டு வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், தட்டில் பிரியாணி விழுவதற்குள் கட்சி பிரிந்துவிடும். "என்னதான் மோட்டார் வந்தாலும், விரல் நுனியில ஃபைலைப் பிடிச்சு உள்ள என்ன இருக்குன்னு தடவிப் பார்க்கிற மாதிரி வருமா?" என்பார் நரைத்த தலைக்காரர். "இன்னும் கையாலதான் ராவிக்கிட்டு இருக்கீங்களா சார்?" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்பார் முப்பது வயதுக்காரர். வேர்க்குழாயைக் கையால் ராவி அகலப்படுத்துவதா, மோட்டாரில் சுழலும் ஃபைலை விட்டு அகலப்படுத்துவதா என்ற இந்த வழக்கு ஐஸ்கிரீம் வரும்வரை நடக்கும். தீர்ப்பு மட்டும் வராது.

ஒன்றை இரண்டு கட்சியுமே ஒப்புக்கொள்வதில்லை. கெனாலைக் கெடுப்பதில் கைக்கும் மெஷினுக்கும் ஏற்றத்தாழ்வே கிடையாது. என்ன, கை கெடுக்கும் விதம் வேறு, மெஷின் கெடுக்கும் விதம் வேறு. புதிதாக கிளினிக் திறந்திருக்கும் தம்பி தங்கைகள் பலர் இதை முறையான வழிகாட்டுதல் இல்லாமல், தட்டுத்தடுமாறித் தாமாகவே கற்று வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. நோயாளிகளும் படிக்கலாம். வாயைத் திறந்தபடி மேலே லைட்டை வெறித்துக்கொண்டு கிடக்கும் நேரத்தில், தலைமாட்டில் என்னதான் நடக்கிறது என்று ஒரு பிடி கிடைக்கும்.

எந்தப் பல்லை எடுப்பது?

தொழிலைக் கற்கக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லைவிட நல்ல பல் கிடையாது. ஆறு வயதில் முளைக்கும். விழுந்து முளைக்கிற பால் பல்தானே என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அதனால் முதலில் சொத்தையாவதும் அதுவே, உங்கள் நாற்காலிக்கு முதலில் வருவதும் அதுவே. நீளம் சுமார் 21 மில்லிமீட்டர். அதன் முன்வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள். நுனியில் அகலம் கால் மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். இறங்க இறங்கப் பின்பக்கமாக வளையும். எக்ஸ்ரேயில் அந்த வளைவு தெரியும். கன்னத்துப் பக்கமோ நாக்குப் பக்கமோ வளைந்தால் தெரியாது, ஏனென்றால் எக்ஸ்ரே எடுப்பதே கன்னத்துப் பக்கமிருந்துதான். படத்தில் நேராக இருக்கிறதே என்று நம்பி இறங்குங்கள். இந்தக் கையேட்டின் பாதி அத்தோடு முடிந்தது.

பல்லைத் திறக்கும்போது சிக்கனம் முக்கியம். மேலே ஒரு சின்னத் துளை போதும். கெனால் வாயைச் சிரமமில்லாமல் பார்க்கும் அளவுக்குத் திறந்துவிட்டால் ஃபைல் நேராக இறங்கிவிடும், சுவாரஸ்யம் போய்விடும். துளை சின்னதாக இருந்தால், கெனால் வளைவுக்குப் போகுமுன்பே ஃபைல் மேலே ஒரு முறை வளைந்தாக வேண்டும். இரட்டை வளைவு கையையும் திணறடிக்கும், மெஷினையும் திணறடிக்கும். மேல்தாடை முதல் கடைவாய்ப் பல் என்றால் மூன்று கெனாலைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுங்கள். முன்பக்கக் கன்ன வேரில் இரண்டாவது குழாய் ஒன்று பாதிக்கும் மேற்பட்ட பற்களில் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்லும். இருந்துவிட்டுப் போகட்டுமே. கண்டுபிடிக்காத கெனாலை எந்த முறையில் ராவுவது என்ற சர்ச்சையே எழாது.

ரப்பர் டேமை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். நியூயார்க்கைச் சேர்ந்த சான்ஃபோர்ட் பார்னம் 1864இல் அந்த ரப்பர் துண்டைப் பல்லைச் சுற்றி மாட்டிக் காட்டினார். நூற்றைம்பது வருடம் தாண்டியும் "பேஷன்ட் ஒத்துக்க மாட்டாங்க சார்" என்று சொல்லித் தப்பிக்கிற வசதி நமக்கு இருக்கிறது. எச்சில் தாராளமாக உள்ளே போகட்டும். கை ஃபைல் ஒன்று விரலிலிருந்து நழுவித் தொண்டைப் பக்கம் போனால்தான் டேம் எதற்கென்று தெரியவரும்.

கை வழி

கைக்கட்சியின் ஆதிபுருஷர் எட்வர்ட் மேனார்ட். 1838இல் கடிகாரச் சுருள்வில்லை ராவி, வேர்க்குழாய்க்குள் நுழைகிற முதல் கருவியைச் செய்தவர் என்று பல் மருத்துவ வரலாற்றில் இந்த அமெரிக்கர் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். இதே மனிதர் துப்பாக்கியும் வடிவமைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மேனார்ட் கார்பைன் வெடித்தது. எந்த நோயாளி அவரை அந்தப் பக்கம் தள்ளினாரோ.

அதன்பிறகு நூறு வருடத்துக்கும் மேல் ஆளாளுக்கு ஓர் அளவில் ஃபைல் செய்துகொண்டிருந்தார்கள். 1958இல் ஜான் இங்கிள் போன்றவர்கள் முன்வைத்த ஒழுங்குதான் இன்று நம் ஸ்பாஞ்சில் குத்தி நிற்கிறது. 25 என்று போட்டிருந்தால் நுனியின் விட்டம் 0.25 மில்லிமீட்டர், ஒவ்வொரு மில்லிமீட்டர் மேலே வர வர 0.02 கூடும். 10 ஊதா, 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. காலேஜில் வண்ணத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு கணக்கை விட்டுவிட்டவர்களுக்கு இங்கே பெரிய வாய்ப்பு காத்திருக்கிறது. எல்லாம் ஐந்து ஐந்தாகத்தானே கூடுகிறது என்று தோன்றும். 50இலிருந்து 55க்குப் போனால் பத்து சதவீதம்தான் கூடுகிறது. 10இலிருந்து 15க்குப் போனாலோ ஐம்பது சதவீதம். அதாவது, கெனால் மிகக் குறுகலாக இருக்கும் ஆரம்பத்தில்தான் படிகள் மிக உயரம். எனவே 10ஆம் எண் இறங்கியதும் 15ஐ எடுக்காதீர்கள். நேராக 20. மாலை கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, ரிசப்ஷனில் இருமல் சத்தம் கேட்கிறது, எதற்கு நடுவில் ஒரு ஃபைல்?

20 இறங்காது. அழுத்துங்கள்.

இதற்குத்தான் துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லலாம். 10ஆம் எண் எஃகு ஃபைல் நாம் சொன்னபடி கேட்கும், வளைவோடு வளைந்து போகும். 25க்கு மேல் போகப் போக அதற்குத் தன்மானம் வந்துவிடும். வளைந்த குழாய்க்குள்ளும் நேராக நிற்கவே பார்க்கும். விவரமறிந்தவர்கள் நுனியைக் கெனாலின் வளைவுக்கு ஏற்ப முன்கூட்டியே கொஞ்சம் வளைத்து, ரப்பர் ஸ்டாப்பரின் முனையை அந்த வளைவின் திசைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு இறக்குவார்கள். உங்களுக்கு அந்த வேலை வேண்டாம். பாக்கெட்டிலிருந்து வந்தபடியே நேராக விட்டு, மேலும் கீழுமாக நன்றாக இழுத்து ராவுங்கள். நுனி வளைவின் வெளிச்சுவரைத் தோண்டும். நடுப்பகுதி உட்சுவரைத் தேய்க்கும். சிறிது நேரத்தில் வெளிச்சுவரில் ஒரு படி விழும். நாம் லெட்ஜ் என்போம். அதற்குப் பிறகு எந்த ஃபைலை விட்டாலும் ஒரே இடத்தில் 'டொக்' என்று நிற்கும். கெனாலே அங்கே முடிந்துவிட்டது போலத் தோன்றும், எக்ஸ்ரேயில் இன்னும் நான்கு மில்லிமீட்டர் பாக்கி இருக்கும்.

இங்கே மனம் தளர்கிறவர்கள் 10ஆம் எண்ணின் நுனியை லேசாகக் கொக்கி போல வளைத்து, படியைத் தாண்டிப் பழைய வழியைத் தேடுவார்கள். நீங்கள் 30ஐ எடுத்துக்கொண்டு அதே இடத்தில் திருகலாம். கெனால் வழிவிடாவிட்டால் வேர் வழிவிடும். ஈரத்தை உறிஞ்சும் பேப்பர் பாயின்டை விட்டு எடுத்துப் பாருங்கள். நுனியில் மட்டும் ஈரமிருந்தால் பிழைத்தீர்கள். பக்கவாட்டில் சிவப்பாக ஒரு கோடு இருந்தால் சாதித்துவிட்டீர்கள். கீழ்ப்பல்லின் முன்வேரில் உட்சுவரை, அதாவது இரண்டு வேர்களும் பிரியும் பக்கத்தை, அபாயப் பகுதி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தப் பக்கம் டென்டின் மிக மெல்லியது. நீளவாக்கில் கிழிந்து ஓட்டை விழுகிற இடம் அது. எழுதினவர் ஏதோ அனுபவத்தில் எழுதியிருப்பார்.

ஒவ்வொரு பெரிய ஃபைலுக்குப் பிறகும் 10ஆம் எண்ணை முழு நீளத்துக்கு இறக்கி வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள் சிலர். தவிர்க்கவும். ராவிய தூள் அடியில் இறுகிச் சேர்ந்துகொண்டால் நுனி தானாகவே அடைபட்டுவிடும், கெனாலை நிரப்பும் கட்டா பெர்ச்சாவை அடைப்பது மிச்சம். மீதித் தூள் வேர் நுனிக்கு வெளியே தள்ளப்படும். கையால் மேலும் கீழும் இழுத்து ராவும்போதுதான் இப்படி வெளியே தள்ளுவது அதிகம். இரவு இரண்டு மணிக்கு, "டாக்டர், வலி இல்லாமத்தான வந்தேன்?" என்று போன் வரும். அது தூள் பேசுகிறது.

ஜேம்ஸ் ரோன் என்பவர் 1985இல் தன் குழுவோடு ஒரு வித்தையை எழுதினார். ஃபைலை வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பிப் பல்லில் பிடிக்க வைப்பது, பிறகு லேசாகக் கீழே அழுத்தியபடி இடப்பக்கம் திருப்பி வெட்டுவது. இழுத்து ராவவே வேண்டாம். வளைந்த கெனாலிலும் எஃகு ஃபைல் நடுவாந்திரமாகவே போகும். கைக்கட்சிக்காரர்கள் மேடையில் 'கை உணர்வு' என்று புகழ்வதன் உருப்படியான பாதி இதுதான். ஆனால் இது பழக மாதக்கணக்கில் ஆகும். பிடுங்கிய பற்களைப் பாட்டிலில் சேர்த்து உட்கார வேண்டும். நோயாளியிடமே பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டவருக்கு இது தேவைப்படாது.

கையில் இருக்கிற ஒரே இடைஞ்சல், எஃகு ஃபைல் உடைவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் உடையும். ஸ்பாஞ்சிலிருந்து எடுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்து, விரலிடுக்கில் மெல்ல உருட்டிப் பாருங்கள். புரிகள் சீராக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் இறங்கி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் புரி அவிழ்ந்து நீண்டு, அந்தத் துண்டு பளிச்சென்று மின்னினால், அடுத்த தடவை அங்கேதான் முறியும் என்று அது எழுதிக் கொடுத்த மாதிரி. சிஸ்டர் இதைப் பார்த்துவிட்டால் "சார், இதைத் தூக்கிப் போட்டுடவா?" என்பார். எனவே உருட்டியும் பார்க்காதீர்கள், சிஸ்டரிடமும் கொடுக்காதீர்கள்.

மெஷின் வழி

இளைய தலைமுறை மெஷினை நேற்று வந்த விஷயமாக நினைக்கிறது. பாஸ்டனில் பல் டாக்டராக இருந்த வில்லியம் ரோலின்ஸ் 1889லேயே கெனாலுக்கென்று சுழலும் ஹேண்ட்பீஸ் ஒன்றைச் செய்துவிட்டார். ஊசி உடையக் கூடாது என்று வேகத்தை நிமிடத்துக்கு 100 சுற்றோடு நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில், எக்ஸ்ரே குழாயைக் காப்பில்லாமல் பயன்படுத்தாதீர்கள் என்று முதலில் கத்தியவர்களில் ஒருவரும் இவரே. யாரும் காது கொடுக்கவில்லை. 1964இல் ஜைரோமாட்டிக் வந்தது. சுற்றாமல் கால் சுற்று முன்னும் பின்னும் ஆடும் ஹேண்ட்பீஸ். ஆனால் உள்ளே இருந்தது எஃகு. கையில் இருந்தபோது நேராகப் போகத் துடித்த எஃகு, மோட்டார் கிடைத்ததும் இன்னும் உற்சாகமாக நேராகப் போனது.

ஆட்டத்தை மாற்றியது உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்பவர் உருவாக்கிய நிக்கல்-டைட்டானியம் கலவை எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பியது. பல்லுக்குக் கம்பி கட்டுபவர்கள் அதை முதலில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பியிலிருந்தே வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டீன் மூவரும் 15ஆம் எண் ஃபைலைச் செய்து, எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு இணங்கி வளைகிறது என்று 1988இல் எழுதினார்கள். தொண்ணூறுகளில் மோட்டாரில் மாட்டும் ஃபைல்கள் கடைக்கு வந்தன. 2001இல் புரோடேப்பர். 2008இல் கசான் யாரத், அதே புரோடேப்பரின் எஃப்2 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆட்டியே முழுக் கெனாலையும் முடித்துக் காட்டினார். அதிலிருந்து ரெசிப்ரோக், வேவ்ஒன் என்று ஒற்றை ஃபைல் குடும்பங்கள் பிறந்தன.

நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வளைந்த கெனாலில் நிக்கல்-டைட்டானியம் ஃபைல் நடுவிலேயே போகும், எஃகு போல வெளிச்சுவரைத் தோண்டாது. நேரமும் மிச்சம். இதை ஆய்வுக்கு மேல் ஆய்வாகப் பார்த்தாயிற்று. புதிதாகப் படித்து வந்தவர் கையில்கூட லெட்ஜ் குறையும். நானும் கடைவாய்ப் பல்லுக்கு மோட்டாரைத்தான் எடுக்கிறேன். ஆனால் இந்தக் கையேட்டின் நோக்கம் வேறு. இவ்வளவு நல்ல கருவியை எப்படிக் கெடுப்பது?

எளிய வழி, 10ஆம் எண் கை ஃபைலைத் தவிர்ப்பது. மெஷின் ஃபைலோடு வரும் விளக்கத் தாளை விரித்தால், மோட்டாரைத் தொடுவதற்கு முன் கை ஃபைலை விட்டு வழியைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். வழுவழுப்பான ஒரு தடம் நுனி வரை இருக்கிறதா என்று விரலால் தெரிந்துகொண்ட பிறகே மோட்டார். நரைத்த தலைக்காரர் சாப்பாட்டு வரிசையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான். மெஷின்காரர் இதை ஒப்புக்கொண்டால் கட்சிக்குத் துரோகம். எனவே தாளைச் சுருட்டிப் போடுங்கள், மோட்டாரை அழுத்துங்கள். தடமில்லாத குழாயில் நுனி சிக்கும், மேலே மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் முறுக்கு ஏறி ஃபைல் அறுந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் மோட்டாரில் டார்க், அதாவது முறுக்கு விசைக்கு, ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சிக்கினால் 'பீப்' என்று கத்தி, எதிர்ப்பக்கம் சுற்றி வெளியே வந்துவிடும். அந்தக் கத்தல் எரிச்சலாக இருக்கும். டார்க்கை உச்சத்துக்கு ஏற்றி, தானாகத் திரும்புவதை அணைத்துவிட்டால் அறையில் அமைதி நிலவும்.

இரண்டாவது வழி இன்னும் நாசூக்கானது. வளைவுக்குள் ஃபைல் சுற்றும்போது ஒரே இடத்தில் நிறுத்தி வையுங்கள். வளைந்த நிலையில் சுற்றுகிற உலோகத்தில், வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுங்கும். அரைச் சுற்றில் அப்படியே மாறும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்போமே, அதேதான். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு ஐந்து. பத்து நொடி ஒரே வளைவில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றால் ஐம்பது தடவை. அதனால்தான் மெல்ல இறக்கி, உடனே எடுத்து, புரியைத் துடைத்து, மறுபடி இறக்கு என்கிறார்கள். எஃகு போல இது சொல்லிவிட்டு உடைவதில்லை. வெளியே எடுத்தால் புத்தம்புதிதாக, நேராக, அழகாக நிற்கும். பழைய வடிவத்துக்குத் திரும்புவதுதானே அதன் பெருமை? உள்ளே எத்தனை விரிசல் ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எனவே எத்தனை கெனாலுக்குப் பயன்படுத்தினோம் என்று குறித்து வைப்பது மட்டுமே பாதுகாப்பு. குறித்து வைக்காதீர்கள். விலை அதிகம், ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தால் புதுசுதான் என்று நம்புங்கள். ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், களைப்பைப் போக்காது.

ஒற்றை ஃபைல் குடும்பத்துக்கென்று ஒரு தனிச் சலுகை உண்டு. ரெசிப்ரோக் இடப்பக்கம் 150 டிகிரி வெட்டிவிட்டு வலப்பக்கம் 30 டிகிரி தளர்த்திக்கொள்ளும். சிக்கிக்கொள்வதற்குள் விட்டு விலகும் தந்திரம் அது. வழக்கமான ரோட்டரி ஃபைல் வெட்டுவது வலப்பக்கம். இதன் புரியோ எதிர்த்திசையில் வெட்டுகிறது. மோட்டாரில் மோடை மாற்றாமல் சாதாரணச் சுழற்சியில் போட்டால் ஒன்றுமே வெட்டாது. வெட்டவில்லையே என்று அழுத்துவீர்கள். மேலே 'அழுத்துங்கள்' என்று எழுதிய பத்திக்கு மறுபடி போகவும்.

தண்ணீர் விஷயம்

கட்சிக்காரர்கள் இருவரும் சேர்ந்து மறைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஓவ் பீட்டர்ஸ் குழுவினர் 2001இல் மேல் கடைவாய்ப் பற்களை ராவுவதற்கு முன்பும் பின்பும் நுண் சி.டி. ஸ்கேனில் அளந்தார்கள். நிக்கல்-டைட்டானியம் கை ஃபைல் ஒரு முறை, சுழலும் ஃபைல் மூன்று முறைகள். எதை எடுத்தாலும் கெனால் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் தொடாமலே விட்டிருந்தது. நான்குக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஃபைல் வட்டமானது. கெனால் பல இடங்களில் நீள்வட்டம். இரண்டு கெனாலுக்கு நடுவே மெல்லிய இடுக்கு ஓடும். அங்கே கையும் போகாது, மோட்டாரும் போகாது. மருந்து ஒன்றுதான் போகும்.

அந்த மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் பிளீச்சின் சத்துதான். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ டேக்கின் என்பவர் அதன் அரை சதவீதக் கரைசலைப் பயன்படுத்தினார். கெனாலுக்கு அரை சதவீதத்திலிருந்து ஐந்தே கால் வரை போகிறார்கள். செத்த திசுவைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். ராவும்போது சுவரில் பூசிக்கொள்ளும் மெழுக்கை எடுக்க 17 சதவீத ஈடிடிஏ. இரண்டும் வேலை செய்ய நேரம் கேட்கும், அடிக்கடி மாற்றச் சொல்லும். கை வழியில் ராவவே அரை மணி ஆவதால் வேண்டாவெறுப்பாகவாவது மருந்து உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். மெஷினில் ஐந்து நிமிடத்தில் வடிவம் வந்துவிடும். மிச்சமான நேரத்தை மருந்துக்குக் கொடுப்பதா, அடுத்த பேஷன்ட்டுக்குக் கொடுப்பதா? எக்ஸ்ரேயில் வடிவம் மட்டும்தான் தெரியும், சுத்தம் தெரியாது. அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடுங்கள்.

மருந்தையே ஆயுதமாக்க விரும்புகிறவர்கள், ஊசியைக் கெனாலில் இறுக்கமாகச் செருகிக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தலாம். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை நுனிக்கு ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்பே தளர்வாக நிறுத்தி, ஆள்காட்டி விரலால் சொட்டுச் சொட்டாக விடுகிறவர்களுக்கு இந்த அனுபவம் வாய்ப்பதில்லை. மருந்து வேர் நுனியைத் தாண்டினால் நோயாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். நிமிடங்களில் கன்னம் வீங்கும், கெனாலில் இரத்தம் பொங்கும், மறுநாள் கண்ணுக்குக் கீழே கன்றிப்போகும். இதில் வேடிக்கை எழுத எனக்கு ஒன்றுமில்லை.

குழந்தைப் பல்லுக்கு விலக்கு

பால் பல் விஷயத்தில் கெடுதல் வகுப்பு கொஞ்சம் நிறுத்தம். வேர் மெல்லியது, அகலமாக விரிந்து வளைந்தது, தானாகவே கரைந்துகொண்டிருப்பது. கீழே நிரந்தரப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் ஆறு வயது வாடிக்கையாளருக்கோ பொறுமை குறைவு. "அம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்க ஆரம்பித்தால் அடுத்தது அழுகைதான். இங்கே நேரம் மிச்சமாவது டாக்டருக்கு அல்ல, குழந்தைக்கு. 2000இல் பார் என்பவரும் சகாக்களும் பால் பல்லுக்கு ரோட்டரி ஃபைலைப் பயன்படுத்தி எழுதியபோது பெரியவர்களின் ஃபைலையே எடுத்தார்கள். சின்ன வாய்க்கு அது நீளம். பின்னர் சென்னையில் பால் பல்லுக்கென்றே கேடோ-எஸ் என்ற ஃபைல் உருவானது. மொத்த நீளமே 16 மில்லிமீட்டர். குழந்தைப் பல்லில் கைக்கட்சி வாதாடினால் நான் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விடுவேன்.

மேடையில் வாதாட

நீங்கள் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. மெஷின் ஜெயிக்க வேண்டுமா, நேரத்தையும் வளைவு காக்கப்பட்டதையும் அளந்த ஆய்வுகளை எடுங்கள். கை தோற்காமல் தப்பிக்க வேண்டுமா, வேர் நுனியில் புண் ஆறியதா என்று கேளுங்கள். அங்கே சண்டை உப்புச்சப்பில்லாமல் போய்விடும். ஏனென்றால் ஆறுவதைத் தீர்மானிப்பவை வேறு: ஆரம்பத்தில் நுனியில் புண் இருந்ததா, மருந்தும் அடைப்பும் சரியான நீளத்துக்குப் போயினவா, மேலே கேப் ஒழுங்காக மூடியதா. இன்னொரு விஷயம், ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில் நடந்தவை. அந்தப் பற்களுக்கு எச்சில் ஊறாது, நாக்கு குறுக்கே வராது, நடுவில் கையைத் தூக்கி "துப்பணும்" என்று காட்டாது.

நோயாளியிடம் வாதாடத் தேவையே இல்லை. "மெஷின்ல பண்ணா எவ்வளவு, கையில பண்ணா எவ்வளவு?" என்று கேட்பார். இரண்டு விலை சொல்லுங்கள். 'சிங்கிள் சிட்டிங்' என்ற வார்த்தையை நடுவில் போடுங்கள். உங்களுக்குக் கைராசி என்று ஊரில் பெயர் இருந்தால் கை விலையையும் ஏற்றலாம். மருந்து எவ்வளவு நேரம் உள்ளே ஊறும் என்று எந்த நோயாளியும் கேட்டதில்லை. தப்பித்தோம்.

ஃபைல் உடைந்த பிறகு

மேலே சொன்னதைச் சிரத்தையாகச் செய்தால் ஒரு நாள் ஃபைலைக் கெனாலிலிருந்து எடுக்கும்போது அது இறக்கியதைவிடக் குட்டையாக வரும். முதலில் மோட்டாரைப் பார்ப்பீர்கள், பிறகு தரையைப் பார்ப்பீர்கள். எக்ஸ்ரேயில் வேர் நுனிக்குச் சற்று மேலே, வெள்ளையாக, புரியோடு கிடக்கும். அப்போது நோயாளியிடம் சொல்லிவிடலாம் என்று மனது அடித்துக்கொள்ளும். சொல்வதில் உண்மையில் பெரிய ஆபத்தில்லை. உடைவதற்கு முன் கெனால் நன்றாகச் சுத்தமாகியிருந்தால், துண்டு உள்ளே இருந்தாலும் பல் பல வருடம் நிற்கக்கூடும். சில துண்டுகளைப் பக்கத்தால் தாண்டிப் போகலாம், சிலவற்றை மைக்ரோஸ்கோப்பும் அல்ட்ராசோனிக்கும் வைத்திருக்கும் ஸ்பெஷலிஸ்ட் எடுத்துவிடுவார். அதையெல்லாம் சொல்லாதீர்கள். "நரம்பு ரொம்ப வளைஞ்சிருக்கும்மா, அதான் லேட்" என்று சொல்லி அடைத்துவிடுங்கள். வேறு ஊரில் வேறு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, "இது யாரு போட்ட கம்பி?" என்று கேட்கும்போது நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை.

கேப் போடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். "வலி இல்லையே டாக்டர், பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்பார். தலையாட்டுங்கள். கூழ் எடுத்த கடைவாய்ப் பல், மேல்பாதி குழிந்து, சுவர் மட்டும் நிற்கும். தீபாவளி வரை தாங்கும். பிறகு கைமுறுக்கில் ஒரு கடி, பல் வேர் வரை இரண்டாகப் பிளந்துவிடும். இனி பிடுங்க வேண்டியதுதான். பிடுங்கிய பல்லைக் காலேஜில் ஆய்வு செய்யும் பி.ஜி. மாணவருக்குக் கொடுக்கலாமே, கையா மெஷினா என்று அவராவது கண்டுபிடிக்கட்டுமே என்று நினைப்பீர்கள். வாங்க மாட்டார். விரிசல் விட்ட பல்லையும் ஏற்கெனவே ரூட் கெனால் செய்த பல்லையும் அந்த ஆய்வுகளில் சேர்ப்பதில்லை.